ஐரோப்பாவில் யூத வெறுப்பு எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிட்லரைப் பற்றிப் பேச்சு வந்தால் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அதெல்லாம் கொடுமைதான். ஆனால் ஐரோப்பாவில் யாருக்குமே யூதர்களைப் பிடிக்காமல் போனது ஏன்? அவர்கள் பக்கமும் ஏதாவது தப்பு இருந்திருக்குமே?" கேட்பவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இந்த விஷயத்தில் புகையை மூட்டியவர்களின் பெயரும் ஊரும் ஆண்டும் பெரும்பாலும் பதிவாகியிருக்கின்றன. அவற்றைச் சொன்னாலே பாதிச் சந்தேகம் தீரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

இயேசுவைக் கொன்றது யூதர்கள்தானே? வெறுப்பு அங்கிருந்துதானே தொடங்குகிறது?

சிலுவையில் அறைவது ரோமர்களின் தண்டனை. தீர்ப்புச் சொன்னவர் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து. ஆணி அடித்தவர்கள் ரோமப் படைவீரர்கள். எருசலேம் ஆலயத்தின் தலைமைக் குருக்கள் இயேசுவைப் பிடித்துக் கொடுத்தார்கள் என்று சுவிசேஷங்கள் சொல்கின்றன. ஆனால் பிடிபட்ட இயேசுவும் யூதர்தான். மரியாள், பேதுரு, பவுல் எல்லோரும் யூதர்கள். முதல் தலைமுறையில் நடந்தது ஒரு குடும்பத்துக்குள் நடந்த பங்காளிச் சண்டை.

கி.பி. 66இல் யூதர்கள் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். 70இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை இடித்துத் தள்ளியது. சுவிசேஷங்கள் எழுத்தில் வந்தது ஏறக்குறைய அந்தச் சமயத்திலும் அதற்கடுத்த சில பத்தாண்டுகளிலும்தான். ரோமப் பேரரசுக்குள்ளேயே தங்கள் சமயத்தைப் பரப்ப வேண்டியிருந்தவர்களுக்கு ரோம ஆளுநரைக் கொலைகாரனாகக் காட்டுவது எளிதாக இருந்திருக்காது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பிலாத்து தண்ணீர் அள்ளிக் கை கழுவுகிறார்; பழி கூட்டத்தின் மேல் போகிறது. மத்தேயு சுவிசேஷத்தில் அந்தக் கூட்டம் சொல்கிறது: "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக."

"எங்கள் பிள்ளைகள்மேலும்" என்ற இந்தச் சொற்களை வைத்துத்தான் பின்னால் எத்தனையோ நூற்றாண்டுகள் பிரசங்கம் செய்தார்கள். அன்று பிலாத்துவின் முற்றத்தில் நின்ற சில நூறு பேருக்கும், ஆயிரம் ஆண்டு கழித்து ஜெர்மனியில் துணி விற்ற ஒரு யூதருக்கும் ஒரே குற்றம் என்று ஆகிவிட்டது. பெயர் ஒற்றுமையும் சேர்ந்துகொண்டது. காட்டிக்கொடுத்தவன் பெயர் யூதாஸ், இனத்தின் பெயர் யூதர். தமிழிலும் துரோகியை 'யூதாஸ்' என்று திட்டுகிறோம். மற்ற பதினொரு சீடர்களும் யூதர்கள்தான் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

கிறிஸ்தவத்துக்கு முன்பே வெறுப்பு இருந்ததாகப் படித்தேனே?

இருந்தது. எகிப்தியப் பூசாரி மனேதோ கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே யூதர்களைப் பற்றி மோசமாக எழுதியதாகத் தெரிகிறது. கி.பி. 38இல் அலெக்சாந்திரியா நகரில் யூதர்களுக்கு எதிராகப் பெருங்கலவரம் நடந்தது. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அவர்களை வெறுப்போடு வர்ணித்தார்: பன்றி தின்பதில்லை, ஏழாம் நாள் வேலை செய்வதில்லை, நம் தெய்வங்களைக் கும்பிடுவதில்லை என்று.

ஆனால் ரோமர்கள் கிட்டத்தட்ட எல்லா அந்நியரையும் இப்படித்தான் ஏளனம் செய்தார்கள். யூதர்களுக்குத் தங்கள் வழக்கப்படி வாழச் சட்ட உரிமையும் இருந்தது. பிற்காலத்தில் வந்த, 'கடவுளைக் கொன்றவர்கள், பிசாசின் கூட்டாளிகள்' என்ற எண்ணம் அங்கே இல்லை.

அப்படியானால் எப்போது மாறியது?

அதிகாரம் கை மாறியபோது. 313இல் கிறிஸ்தவத்துக்குச் சட்டப்படி இடம் கிடைத்தது. 380இல் பேரரசர் தியோடோசியஸ் அதையே அரசின் சமயமாக்கினார். அதுவரை இரு தரப்பாரின் வாய்ச்சண்டையாக இருந்தது, ஒரு தரப்பின் கையில் சட்டமும் படையும் வந்ததும் வேறாகிவிட்டது.

386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோகியா நகரில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குரு யூதர்களைத் தாக்கி வரிசையாகப் பிரசங்கம் செய்தார். யூதர்களின் ஜெப ஆலயத்தை விபசார விடுதிக்கு ஒப்பிட்டார். அவர் ஏன் அவ்வளவு கோபப்பட்டார் என்று பார்த்தால் மனசுக்கு என்னவோ செய்கிறது. அவருடைய சபை மக்களே யூதப் பண்டிகைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எக்காளம் ஊதுவதைக் கேட்கப் போனார்கள், நோய் தீர யூதர்களிடம் போனார்கள், சத்தியம் செய்யவும் அங்கே போனார்கள். சாதாரண ஜனங்கள் அண்டை வீட்டாராகப் பழகினார்கள். அந்தப் பழக்கத்தை வெட்டத்தான் அவ்வளவு கடுஞ்சொல் தேவைப்பட்டது.

388இல் யூப்ரடீஸ் நதிக்கரையில் கல்லினிக்கம் என்ற ஊரில் கிறிஸ்தவக் கூட்டம் ஒரு ஜெப ஆலயத்தைக் கொளுத்தியது. உள்ளூர் பிஷப்பே செலவு செய்து கட்டிக்கொடுக்கட்டும் என்று பேரரசர் உத்தரவிட்டார். நியாயமான உத்தரவு. மிலான் பிஷப் அம்புரோஸ் குறுக்கே நின்று அதை ரத்து செய்ய வைத்தார். கொளுத்தினால் தண்டனை இல்லை என்று ஊர் உலகத்துக்குத் தெரிந்துபோனது.

அப்புறம் திருச்சபையின் பெரும் சிந்தனையாளர் அகஸ்தீன் வருகிறார். யூதர்களைக் கொல்லக் கூடாது, அவர்கள் நம் வேதத்தின் பழமைக்குச் சாட்சி என்றார். ஆனால் சிதறிப்போய், தாழ்ந்த நிலையில்தான் வாழவேண்டும் என்றார். சாகவிடாதே, தலைதூக்கவும் விடாதே என்பதுதான் இதன் சாரம். 438இல் தொகுக்கப்பட்ட ரோமச் சட்டத்தில் யூதர்கள் அரசுப் பதவி வகிக்கத் தடை, புதிதாக ஜெப ஆலயம் கட்டத் தடை. திருச்சபையின் கொள்கை சுமார் ஆயிரம் ஆண்டு இப்படியே போனது. அகஸ்தீனின் வாதம் பல யூத உயிர்களைக் காப்பாற்றியதும் உண்மை. அவர்களைத் தாழ்த்தி வைத்ததும் அதே வாதம்தான்.

ஆயிரம் ஆண்டும் அடியும் கொலையும்தானா?

இல்லை. இதை யாரும் கேட்பதில்லை என்பதே எனக்கு வருத்தம். 1084இல் ரைன் நதிக்கரையில் ஸ்பையர் ஊரின் பிஷப் ரூடிகர் யூதர்களைத் தானே அழைத்துக் குடியமர்த்தினார். யூதர்கள் வந்தால் ஊரின் பெருமை ஆயிரம் மடங்கு கூடும் என்று தன் சாசனத்தில் எழுதினார். வியாபாரம் செய்ய உரிமை, தங்கள் வழக்குகளைத் தாங்களே தீர்க்க உரிமை, பாதுகாப்புக்கு மதில் எல்லாம் கொடுத்தார். பிரான்சில் துருவா ஊரைச் சேர்ந்த ராஷி என்ற பேரறிஞர் (1040–1105) எபிரேய வேதத்துக்கு எழுதிய உரையில் கடினமான சொற்களுக்கு அன்றைய பிரெஞ்சுச் சொல்லையே பொருளாகக் கொடுத்தார். அவர்கள் வீட்டில் பேசிய மொழி அதுதான். வெளியூர்க்காரர்களாக வாழ்ந்தவர்கள் அல்ல.

ரூடிகரின் சாசனத்துக்குப் பன்னிரண்டே ஆண்டு கழித்து, 1096இல், முதல் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கூட்டங்கள் ரைன் ஊர்களுக்குள் புகுந்தன. கிறிஸ்துவின் பகைவர்களைத் தேடி அவ்வளவு தூரம் போகிறோம், இங்கேயே இருக்கிறார்களே என்பது அவர்கள் பேச்சு. ஸ்பையரில் புதிய பிஷப் யோவான் படையை இறக்கிப் பெரும்பாலானோரைக் காப்பாற்றினார். வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஞானஸ்நானம் அல்லது சாவு என்ற நிலையில் பெற்றோர் பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே கொன்று தாங்களும் மாண்டதை எபிரேயக் குறிப்புகள் பெயர் பெயராகச் சொல்கின்றன.

யூதர்கள் வட்டித் தொழில் செய்தார்கள். மக்கள் கோபப்பட்டது இயல்புதானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், எல்லா யூதர்களும் வட்டிக்கு விடவில்லை. ஸ்பெயினிலும் சிசிலியிலும் அவர்கள் சாயம் தோய்ப்பவர்கள், தோல் பதனிடுபவர்கள், வைத்தியர்கள், தட்டார்கள். வட்டிக்கு விட்டவர்களில் கிறிஸ்தவர்களும் ஏராளம். லொம்பார்டியர்கள், கஹோர் நகரத்தார் என்று அவர்களுக்குத் தனிப் பெயரே உண்டு.

ஆனால் இங்கிலாந்து, வட பிரான்ஸ், ஜெர்மனி போன்ற இடங்களில் யூதர்கள் கடன் தொழில் பக்கம் தள்ளப்பட்டார்கள். நிலம் வைத்திருக்கக் கிறிஸ்தவ முறைப்படி பிரபுவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டும். கைவினைஞர் சங்கங்களோ ஏதாவது ஒரு புனிதரின் பெயரில் இயங்கின; யூதருக்கு அங்கே இடமில்லை. 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, வட்டி வாங்கும் கிறிஸ்தவருக்குத் திருச்சபையில் இடமில்லை என்றது. ஊருக்கோ கடன் தேவை. போருக்குப் போகும் பிரபுவுக்கும், கோவில் கட்டும் மடத்துக்கும், விதை நெல் இல்லாத குடியானவருக்கும் யாராவது பணம் தரவேண்டும்.

இதில் பெரிய லாபம் பார்த்தவர் அரசர். இங்கிலாந்தில் யூதர்கள் சட்டப்படி அரசரின் உடைமை. அவர் எப்போது வேண்டுமானாலும் அவர்கள்மீது வரி போடலாம். வரி கட்ட யூதர் கடனை இறுக்கி வசூலிக்கவேண்டும். கடன்காரனுக்குக் கண்ணில் படுவது வாசலில் நிற்கும் யூதர். அவருக்குப் பின்னால் கை நீட்டி நிற்கும் அரசர் தெரிவதில்லை. லிங்கன் நகரத்தில் கடன் தொழில் செய்த யூதர் ஆரன் 1186இல் இறந்தபோது அவர் சொத்து முழுவதையும் மன்னர் இரண்டாம் ஹென்றி எடுத்துக்கொண்டார். ஆரனுக்கு வரவேண்டிய கடன்களை வசூலிக்கவே கருவூலத்தில் தனிப் பிரிவு வைக்கவேண்டியிருந்தது.

1190 மார்ச்சில் யார்க் நகரத்து யூதர்கள் கும்பலுக்குப் பயந்து அரசக் கோட்டைக்குள் ஒதுங்கினார்கள். சுமார் 150 பேர் அங்கே மடிந்தார்கள்; பலர் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். கும்பலின் முன்னணியில் யூதர்களிடம் கடன்பட்ட பிரபுக்கள் இருந்தார்கள். கொலை முடிந்த கையோடு அவர்கள் நேராகப் போனது யார்க் பேராலயத்துக்கு. அங்கே பத்திரமாக வைத்திருந்த கடன் பத்திரங்களை எடுத்து ஆலயத்துக்குள்ளேயே எரித்தார்கள். அரசாங்கம் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டது தெரியுமா? 1194இல் ஒரு விதி வந்தது: கடன் பத்திரங்களுக்கு நகல் எடுத்து அரசுப் பெட்டியில் பூட்டி வைக்கவேண்டும். யூதர் செத்தாலும் கடன் அரசருக்கு வந்துசேரவேண்டும்.

1275இல் முதலாம் எட்வர்ட் யூதர்கள் வட்டி வாங்குவதைத் தடை செய்தார். வேறு பிழைப்புக்கு ஒழுங்கான வழி விடவில்லை. 1290இல், கறந்து முடித்த பிறகு, மொத்தமாக நாட்டைவிட்டு வெளியேற்றினார். அப்போது இருந்தவர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் பேர்தான். அதே சமயத்தில் நாடாளுமன்றம் அவருக்கு ஒப்புக்கொடுத்த வரி 1,16,000 பவுண்டு.

தமிழில் படித்தவர்களுக்கு யூத வட்டிக்காரர் என்றதும் நினைவுக்கு வருவது ஷேக்ஸ்பியரின் ஷைலக். அந்த நாடகம் எழுதப்பட்டது 1590களின் பிற்பகுதியில். இங்கிலாந்தில் யூதர்கள் வெளிப்படையாக வாழ அனுமதி இல்லாமல் போய் அப்போதே முந்நூறு ஆண்டு ஆகியிருந்தது. அவர்கள் திரும்பி வர வழி பிறந்தது 1656இல். ஷைலக்கைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் பலர் வாழ்நாளில் ஒரு யூதரைக்கூடக் கண்டிருக்கமாட்டார்கள்.

'இரத்தப் பழி' என்றால் என்ன?

யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று இரத்தத்தைச் சடங்குக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற பொய். கேட்கவே கூசுகிறது. ஆனால் இது உருவான இடமும் முறையும் துல்லியமாகத் தெரியும்.

1144இல் இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு வெளியே காட்டில் வில்லியம் என்ற பன்னிரண்டு வயதுத் தோல் தொழில் பயிற்சிப் பையனின் உடல் கிடைத்தது. யூதர்கள்மேல் பழி சொன்னார்கள். ஷெரீஃப் (அரசரின் உள்ளூர் அதிகாரி) நம்பவில்லை, யூதர்களைக் கோட்டைக்குள் வைத்துப் பாதுகாத்தார். யாருக்கும் தண்டனை இல்லை, விஷயம் அடங்கிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து அந்த ஊர் மடத்துக்கு மான்மத்தின் தாமஸ் என்ற துறவி வந்து சேர்ந்தார். பையனைப் புனிதனாக்கி ஒரு நூல் எழுதினார். யூதர்கள் இயேசுவைக் கேலி செய்ய அவனைச் சிலுவையில் அறைந்தார்கள் என்பது கதை. பேராலயத்துக்கு ஒரு புனிதர் கிடைத்தார். புனிதர் இருந்தால் யாத்திரிகர்கள் வருவார்கள், காணிக்கை வரும்.

கதை ஊர் ஊராகப் போனது. 1171இல் பிரான்சின் புளுவா ஊரில் முப்பதுக்கும் மேற்பட்ட யூதர்களை எரித்தார்கள். அங்கே காணாமல்போன குழந்தையும் இல்லை, உடலும் இல்லை. 1255இல் லிங்கனில் ஹியூ என்ற சிறுவன் இறந்ததற்காக மன்னர் மூன்றாம் ஹென்றி 19 யூதர்களைக் கொன்றார். இரத்தம் என்ற கூறு 1235இல் ஜெர்மனியின் ஃபுல்டா ஊரில் வந்து ஒட்டிக்கொண்டது.

யூத உணவு விதி தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு அபத்தம் என்று புரியும். அவர்களுக்கு மிருக இரத்தமே விலக்கு. கறியை உப்புப் போட்டு ஊறவைத்து இரத்தத்தை வடித்துத்தான் சமைப்பார்கள். முட்டையில் ஒரு துளி இரத்தம் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுவார்கள். பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் இதை விசாரிக்க யூத சமயத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களையே வரவழைத்தார். உள்ளே இருந்து வந்தவர்களுக்குத்தானே ரகசியம் தெரியும்? அவர்களும் பொய் என்றார்கள். 1236இல் பேரரசர் அதை அறிவித்தார். 1247இல் போப் நான்காம் இன்னொசென்ட்டும் கண்டித்தார்.

பேரரசரும் போப்பும் சொல்லியும் நிற்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. 1475இல் டிரென்ட் நகரில் சீமோன் என்ற குழந்தை இறந்தபோது சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். அப்போது அச்சு இயந்திரம் வந்துவிட்டது. படம் போட்ட தாள்கள் ஊரெல்லாம் பரவின. ஒரு படத்தைப் பார்த்தவனிடம் போப்பின் லத்தீன் கடிதம் என்ன செய்யும்? 1913இல்கூட கியெவ் நகரில் மெண்டல் பெய்லிஸ் என்ற தொழிலாளியை இதே குற்றத்துக்கு நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள்.

கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்ற பழி?

1348இல் கறுப்புச் சாவு என்னும் கொள்ளைநோய் ஐரோப்பாவை அழித்துக்கொண்டிருந்தது. காரணம் யாருக்கும் தெரியாது. ஜெனீவா ஏரிக்கரையில் ஷியோன் கோட்டையில் யூதர்கள் சிலரைச் சித்திரவதை செய்து 'கிணறுகளில் விஷம் போட்டோம்' என்று சொல்லவைத்தார்கள். அந்த வாக்குமூலம் கடிதமாக மற்ற ஊர்களுக்குப் போனது. நோய்க்கு முன்னால் வதந்தி போய்ச் சேர்ந்தது.

ஸ்ட்ராஸ்பர்கில் நடந்ததைப் பாருங்கள். அந்த நகர சபை முதலில் யூதர்களைக் காப்பாற்றவே நின்றது. 1349 பிப்ரவரியில் கைவினைஞர் சங்கங்கள் சபையைக் கவிழ்த்தன. பிப்ரவரி 14 அன்று யூதர்களை அவர்கள் இடுகாட்டிலேயே மேடை போட்டு எரித்தார்கள். சுமார் இரண்டாயிரம் பேர் என்று அந்நகரத்துக் குறிப்பு சொல்கிறது. அன்று ஸ்ட்ராஸ்பர்கில் நோய் வந்திருக்கவே இல்லை. கடன் பத்திரங்கள் ரத்தாயின, அடகுப் பொருள் உடையவர்களுக்குத் திரும்பின, ரொக்கத்தைத் தொழிலாளர்களுக்குப் பங்கு போட்டார்கள். அந்த ஊர்க் கிறிஸ்தவ வரலாற்றாசிரியரே பின்னர் எழுதினார்: அவர்கள் ஏழைகளாக இருந்திருந்தால், பிரபுக்கள் அவர்களிடம் கடன்படாமல் இருந்திருந்தால், எரிக்கப்பட்டிருக்கமாட்டார்கள் என்று.

போப் ஆறாம் கிளெமென்ட் அவிஞோனிலிருந்து எழுதிய ஆணையில் சாதாரண அறிவுக்கு எட்டும் ஒன்றைச் சொன்னார்: நோயில் யூதர்களும்தான் சாகிறார்கள், யூதர்களே இல்லாத நாடுகளிலும்தான் நோய் வருகிறது. தப்பியவர்களில் பலர் கிழக்கே போலந்துக்குப் போனார்கள். அங்கே 1264 முதலே அவர்களுக்கு உரிமைச் சாசனம் இருந்தது. காசிமிர் மன்னர் அதை விரிவாக்கியிருந்தார்.

மஞ்சள் அடையாளமும் கெட்டோவும் நாஜிகள் கண்டுபிடித்தவையா?

இல்லை. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் யூதர்களும் முஸ்லிம்களும் உடையால் வேறுபட்டுத் தெரியவேண்டும் என்று விதித்தது. 1269இல் பிரான்சின் ஒன்பதாம் லூயி மஞ்சள் வட்டத் துணியைக் கட்டாயமாக்கினார். 'கெட்டோ' (யூதர்களை ஒதுக்கிவைத்த தனிக் குடியிருப்பு) என்ற சொல் வெனிஸிலிருந்து வந்தது. 1516இல் அங்கே பழைய உலோக வார்ப்புச் சாலை இருந்த தீவில் யூதர்களைக் குடியமர்த்தி இரவில் கதவைப் பூட்டினார்கள். 1555இல் போப் நான்காம் பவுல் ரோமிலும் அதையே செய்தார். ரோம் கெட்டோ முடிவுக்கு வந்தது 1870இல்.

மதம் மாறியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்குமே?

ஸ்பெயினில் மாறினார்கள். 1391இல் செவில் நகரில் தொடங்கிய படுகொலை நாடெங்கும் பரவியபோது ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சபைகளிலும் அரசு வேலைகளிலும் உயர்ந்தார்கள். உடனே புது வாதம் கிளம்பியது: மதம் மாறினாலும் இரத்தம் மாறாது. 1449இல் டொலேடோ நகரம் யூத வம்சாவளிக் கிறிஸ்தவர்கள் பதவி வகிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. போப் ஐந்தாம் நிக்கோலாஸ் இதைக் கண்டித்தார். ஞானஸ்நானத்துக்கே மதிப்பில்லாமல் போகிறதே என்பது அவர் கவலை. ஆனால் 'தூய இரத்தம்' என்ற விதி மெதுவாக மற்ற நிறுவனங்களுக்கும் பரவியது. இந்த நெடுங்கதையில் மிக ஆபத்தான திருப்பம் இதுதான் என்று நினைக்கிறேன். அதுவரை தப்பிக்க ஒரு வாசலாவது இருந்தது.

1492இல் ஞானஸ்நானம் பெறாத எல்லா யூதர்களையும் ஸ்பெயின் விரட்டியது. பலரை ஒட்டோமான் பேரரசு ஏற்றுக்கொண்டது. போர்ச்சுகல் 1497இல் கட்டாய மதமாற்றம் செய்தது. அதன் மதவிசாரணை மன்றம் 1560இல் கோவா வரைக்கும் வந்தது. இப்படி ஐபீரியாவிலிருந்து தப்பியவர்களில் ஒரு சிறு கூட்டம் கொச்சிக்கு வந்தது. 1568இல் அவர்கள் கட்டிய ஜெப ஆலயம் இன்றும் 'பரதேசி' ஆலயம் என்றே அழைக்கப்படுகிறது. நாம் இன்று திட்டும் பொருளில் இல்லை. வேற்று தேசத்திலிருந்து வந்தவர் என்ற பழைய பொருளில். கொச்சி அரசர் இடம் கொடுத்தது தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே.

மார்ட்டின் லூதர்?

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய இந்த ஜெர்மன் குரு 1523இல் 'இயேசு கிறிஸ்து யூதராகப் பிறந்தார்' என்று அன்போடு எழுதினார். தன் சீர்திருத்தத்தைப் பார்த்து யூதர்கள் கிறிஸ்தவத்துக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. 1543இல் எழுதிய நூலில் ஜெப ஆலயங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள், நூல்களைப் பிடுங்குங்கள் என்றார். நானூறு ஆண்டு கழித்து நாஜிகள் அந்த நூலை மறுபடி எடுத்துப் பரப்பினார்கள்.

மத வேகம் குறைந்த நவீன காலத்தில் இது ஏன் மறையவில்லை?

குறையும் என்றுதான் பலரும் நம்பினார்கள். 1791இல் பிரான்ஸ் யூதர்களுக்குச் சமக் குடியுரிமை கொடுத்தது. ஜெர்மனியில் அது முழுமையானது 1871இல். கெட்டோவிலிருந்து வெளியே வந்தவர்கள் படித்து மருத்துவர்களாக, வக்கீல்களாக, பத்திரிகையாளர்களாக ஆனார்கள். அதுவே புதிய எரிச்சலுக்குக் காரணமாயிற்று. 1873இல் பங்குச் சந்தை சரிந்தது. கடை இழந்த சிறு வியாபாரிக்கும் வேலை போன கைவினைஞனுக்கும் யாரையாவது காட்டவேண்டியிருந்தது.

1879இல் வில்ஹெல்ம் மார் என்ற ஜெர்மன் எழுத்தாளர் ஓர் அமைப்பைத் தொடங்கி 'ஆன்டிசெமிட்டிசம்' என்ற சொல்லைப் பிரபலமாக்கினார். நான் மதத்தை எதிர்க்கவில்லை, இனத்தை எதிர்க்கிறேன் என்று விஞ்ஞானம் போலப் பேச அந்தச் சொல் வசதியாக இருந்தது. (அரபுகளும் செமிட்டிக் மொழி பேசுபவர்கள்தானே, அவர்கள் எப்படி யூத வெறுப்பாளர்களாக இருக்கமுடியும் என்று சிலர் மடக்குவார்கள். அந்தச் சொல் பிறந்ததே யூதர்களைக் குறிக்கத்தான்.) அதே ஆண்டு டிரைட்ச்கே என்ற வரலாற்றுப் பேராசிரியர் 'யூதர்களே நம் துரதிர்ஷ்டம்' என்று எழுதினார். தெருவில் கத்துவதைப் பேராசிரியர் எழுதியதும் அது மரியாதையான கருத்தாகிவிட்டது. பின்னால் ஒரு நாஜிப் பத்திரிகை அந்த வரியை முதல் பக்கத்திலேயே அச்சடித்துவந்தது.

பிரான்சில் 1894இல் யூதப் படை அதிகாரி ஆல்ஃபிரட் டிரைஃபஸ் செய்யாத உளவுக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். களங்கம் நீங்க 1906 வரை ஆயிற்று. ரஷ்யாவில் 1881இல் ஜார் மன்னர் கொல்லப்பட்டதும் யூதக் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. 1903இல் கிஷினேவ் ஊரில் 49 பேர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில்தான் யூத மூப்பர்கள் உலகைப் பிடிக்கத் திட்டம் போட்டதாக 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற ஒரு போலி ஆவணம் ரஷ்யப் பத்திரிகையில் வந்தது. 1921இல் லண்டன் டைம்ஸ் அதைக் கிழித்துக்காட்டியது: மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி 1864இல் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய நையாண்டி நூலிலிருந்து பல பகுதிகளை அப்படியே திருடியது. அந்த நையாண்டி நூலில் யூதர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்றும் அந்தப் போலி ஆவணம் பல மொழிகளில் கைமாறிக்கொண்டிருக்கிறது. யாராவது அனுப்பினால் இந்த ஆண்டுகளை அவருக்குச் சொல்லுங்கள்.

அப்படியானால் திருச்சபைதான் ஹிட்லரை உருவாக்கியதா?

நேர்கோடு போடமுடியாது. யூதர்களைக் கொல்லக் கூடாது என்பது திருச்சபையின் கொள்கை. நாஜிகளின் நோக்கமே கொல்வது. 60 இலட்சம் பேரைக் கொல்ல நவீன அரசும் ரயிலும் அலுவலகக் கோப்பும் தேவைப்பட்டன. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிப்போகும்போது ஊர் பேசாமல் இருந்ததற்கு முந்தைய நூற்றாண்டுகள் பொறுப்பு. ஒரு விவரம் மட்டும் சொல்கிறேன். நாஜிகளின் 1935ஆம் ஆண்டு நியூரம்பெர்க் சட்டம் 'இரத்தம்' பற்றியது. ஆனால் இரத்தத்தில் யூதர் என்று கண்டுபிடிக்க எந்தச் சோதனையும் கிடையாது. எனவே தாத்தா பாட்டியின் சமயத்தைப் பார்த்தார்கள். அதற்குச் சான்று தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள்.

இஸ்ரேல் அரசைக் கண்டித்தால் அதுவும் யூத வெறுப்பா?

ஓர் அரசின் செயலைக் கண்டிப்பது வெறுப்பு ஆகாது. இஸ்ரேலிலேயே தினமும் கண்டிக்கிறார்கள். ஆனால் அந்தக் கண்டனத்துக்குள் குழந்தை இரத்தம், ரகசிய உலக ஆட்சி, 'எல்லா யூதனும் இப்படித்தான்' போன்றவை வரும்போது, அவை எங்கிருந்து வந்தவை என்று மேலே பார்த்தோம்.

திருச்சபை இதை ஒப்புக்கொண்டதா?

தாமதமாக. போருக்குப் பிறகும் பொய் சாகவில்லை. 1946 ஜூலை 4 அன்று போலந்தின் கியெல்ட்சே நகரில், காணாமல்போய்த் திரும்பிய ஒரு சிறுவன் யூதர்கள் தன்னை நிலவறையில் அடைத்து வைத்ததாகச் சொன்னான். வதை முகாம்களிலிருந்து பிழைத்து வந்தவர்கள் உட்பட 42 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கட்டடத்தில் நிலவறையே கிடையாது.

1965 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இயேசுவின் சாவுக்கு அன்றிருந்த யூதர் எல்லோரையுமோ இன்றிருக்கும் யூதர்களையோ குற்றம் சொல்லமுடியாது என்று அறிவித்தது. அதே ஆண்டு டிரென்ட் நகரத்துச் சீமோன் வழிபாடும் நீக்கப்பட்டது. இங்கிலாந்துத் திருச்சபை, 1222இல் ஆக்ஸ்ஃபர்டு சங்கம் போட்ட யூத விரோத விதிகளுக்கு 800 ஆண்டு கழித்து, 2022 மே மாதம் அதே ஊரில் வழிபாடு நடத்தி வருத்தம் தெரிவித்தது.

லிங்கன் பேராலயத்தில் சிறுவன் ஹியூவின் பழைய சமாதி இருந்த இடத்தில் இப்போது ஓர் அறிவிப்பு இருக்கிறது. யூதர்கள் கிறிஸ்தவச் சிறுவர்களைச் சடங்குக்காகக் கொன்றார்கள் என்பது இட்டுக்கட்டிய கதை, அந்தக் கதைகளால் குற்றமற்ற யூதர்கள் பலர் உயிரிழந்தார்கள், இதில் கிறிஸ்தவ உலகுக்குப் பெருமை ஏதுமில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. கடைசியில் ஒரு சின்ன ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் இருந்ததை மன்னியும், இருப்பதைத் திருத்தும், இனி இருக்கப்போவதை வழிநடத்தும்.